அறுபதுக்குக் கீழே

பெட்டியை மேசைக்குத் தூக்கிவந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதன் சின்னத் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. 59.31. 59.60. 59.87. பிறகு 60.01 என்று வந்து நின்றது. லோஜினி பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

ஏறியிருக்கக் கூடாது. இடம் மாற்றியதும் ஏறியதென்றால் பின்னேரம் முழுக்க அது காட்டியது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் அம்மா, விமலநாதன் மாமாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, விழுந்ததும் ஐஸாகிற உறைமழைக்குள் போயிருக்கிறார்.

பெட்டி, பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்காக அவள் மூன்று கிழமை இருந்து செய்தது. சுவரில் வருகிற மின்சாரம் நொடிக்கு எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ணும். அறுபது தரம் ஆடவேண்டும். ஊரெல்லாம் ஒரேயடியாக இழுத்து, மின்நிலையங்கள் திணறினால் எண் இறங்கும். உள்ளே பழைய ஆன்சரிங் மெசினின் அடப்டர், நகத்தளவு சிப் ஒன்று, அவ்வளவுதான். நேரத்தைச் சரியாக அளக்க வெளியே ஒரு குவார்ட்ஸ் படிகம் வைக்கச் சொல்லிச் செய்முறையில் எழுதியிருந்தார்கள். சிப்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டாள். சூடு ஏறினால் அந்தக் கடிகாரம் முந்தி ஓடும், எண் குறைந்து தெரியும் என்பதை இப்போதுதான் தேடி வாசித்தாள்.

அதுவரை பெட்டி இருந்தது ஜன்னல் விளிம்பில். நேர் கீழே ஹீட்டர்.

நாலு மணிக்கு 59.80. "அம்மா, கரண்ட் களைக்குது!" என்று கத்தியது அவள்தான். அம்மா செய்த முதல் வேலை, ஹீட்டரைக் கூட்டியது. "கரண்ட் போக முதல் வீட்டைச் சூடாக்கி வைப்பம். அண்ணைக்குக் குளிர் ஆகாது." அரை மணியில் 59.50. அம்மா இன்னும் கூட்டினார். 59.31. பயத்தில் ஹீட்டரைக் கூட்ட எண் இறங்கியது, எண் இறங்கப் பயம் கூடியது.

மாமாவுக்கு ஒட்சிசன் தருகிற மெசின் மின்சாரத்தில்தான் ஓடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், லவாலில் அஜந்தா சித்தி வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. "ரேடியோவில ஒண்டும் சொல்லேல்லையே" என்று அம்மா தயங்க, மாமாதான் சப்பாத்தைப் போட்டார். "ரேடியோக்காரனுக்கு என்ர மருமோளை விடத் தெரியுமே? வெளிக்கிடு."

போன் அடித்தது. அம்மா.

"லோஜி, பாலத்துக்கு முன்னால நிக்கிறம். ரண்டு லொறி சறுக்கிக் குறுக்கால கிடக்காம். ஒரு மணித்தியாலமா அசையேல்லை."

"காரில கொண்டு போன ஒட்சிசன் சிலிண்டர்?"

"இன்னும் முக்கால் மணித்தியாலம் வரும். 911க்கு அடிச்சிட்டன். அம்புலன்சும் இந்த வரிசைக்குப் பின்னாலதானாம் நிக்குது."

பின்னால் மாமாவின் குரல், மூச்சுக்கு மூச்சு அறுந்து வந்தது. "மருமோளிட்டக் கேள்... இப்ப... எத்தனை காட்டுதாம்?"

லோஜினி உதட்டைக் கடித்தாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள். "அறுபது. முதல் காட்டினது பிழை அம்மா. ஹீட்டர்ச் சூட்டில பெட்டி பிழையா எண்ணியிருக்கு. கரண்டுக்கு ஒண்டுமில்லை. நான்தான்..."

வைப்பர் கண்ணாடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அம்மா ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

"பாத்தியே," மாமா சிரிக்கப் போய் இருமினார். "ரேடியோக்காரன்... வெண்டிட்டான்."

"சும்மா இருங்கோ அண்ணை, கதையாதேங்கோ. லோஜி, இஞ்ச கேள். முன்னால இறங்கிற பாதை ஒண்டு கிடக்கு. திரும்பினா அரை மணித்தியாலத்தில வீட்டை வந்திடலாம். ஆனா இந்த வரிசையை விட்டா பேந்து பாலத்துக்கு வரேலாது. சிலிண்டரும் அதுக்குள்ள முடிஞ்சிடும்."

லோஜினி ஜன்னலுக்கு ஓடினாள். சென்ட் லோரன்ட் தெருவின் மின்கம்பிகளெல்லாம் விரல் மொத்தத்துக்கு ஐஸ் பிடித்துத் தொய்ந்து கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க் கட்டடம் முழுவதும் இருண்டது. மூலையிலிருந்த டெப்பனர் கடையின் பச்சைப் பெயர்ப்பலகையும் அணைந்தது. அவள் தலைக்கு மேலே பல்ப் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

பெட்டியில் 60.00. இப்போது அது சரியாகத்தான் எண்ணுகிறது. ஆனால் அது முழு மாகாணத்துக்கும் பொதுவான எண். இந்தத் தெருவில் எந்தக் கம்பி எப்போது அறும் என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?

"அம்மா, முன்வீட்டில..." லோஜினி மேலே பல்பைப் பார்த்தாள்.

"என்ன? வடிவாக் கேக்கேல்லை. பின்னால ஹோர்ன் அடிக்கிறாங்கள்." அம்மாவின் குரல் உடைந்தது. "கெதியாச் சொல்லு பிள்ளை. நாங்கள் வந்து சேருமட்டும் வீட்டில கரண்ட் நிக்குமோ?"