இரவல் ஆள் அடித்த கோல்

எங்க லீக்கைப் பத்திப் புத்தகம் போட்டுட்டாங்க. கொரூன் ஏரி கால்பந்து லீக், ஆரம்பம் முதல் முடிவு வரை. கால்பந்துன்னா கையால பிடிச்சுக் காலால உதைக்கற எங்க ஆஸ்திரேலிய ஆட்டம். அட்டை பளபளன்னு இருக்கு. எழுதினவர் பெண்டிகோ டவுன்ல இருந்து வந்தவர், நல்ல மனுஷன்தான், என் சமையல்கட்டுல உக்காந்து டீ மேல டீயா குடிச்சவர். ஆனா கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்கார் தெரியுமா? தொடர்ந்து வந்த வறட்சியால லீக் நின்னு போச்சாம். வறட்சியாம்! எங்க ஊர்ல என்னிக்கு மழை கொட்டுச்சு, அது இல்லாம ஆட்டம் நின்னு போறதுக்கு? எங்க தாத்தா காலத்துல இருந்தே புழுதியிலதான் உருண்டுட்டு இருக்காங்க. பந்து எங்க விழுந்துச்சுன்னு தூசி அடங்கினப்புறம் தேடுவாங்க.

லீக் ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். எங்க அப்பா பெர்சி ட்ரெலோர் ஒரு ஹாரன் அடிச்சார். அதனால நின்னுச்சு. சொல்றேன், கேளுங்க.

ஒரு காலத்துல எங்க லீக்ல பன்னண்டு கிளப். கோதுமைக் குதிர் இருக்கற ஊருக்கெல்லாம் ஒரு அணி. அப்புறம் ரயிலை நிறுத்தினாங்க, பள்ளிக்கூடத்தை மூடினாங்க, ஒவ்வொரு கிளப்பா கழண்டு போச்சு. கடைசியில மிஞ்சினது நாலு. எங்க விராபின், பக்கத்து டாரப், அப்புறம் கின்னக், டன்மூர். நாலுல ஒண்ணு போனாலும் லீக்கே கிடையாதுன்னு விதி. அதனால எதிரியைக் கூட சாகவிடாம பாத்துக்கணும். அப்படி ஒரு பொழப்பு.

அதுக்குன்னு ஒரு வழக்கம் வச்சிருந்தோம். அணிக்குப் பதினெட்டு பேர் வேணும். எதிரணிக்கு ஆள் குறைஞ்சா நாம இரவல் கொடுக்கணும். யாரைக் கொடுக்கறதுன்னு நாம முடிவு பண்ண முடியாது. நம்ம பசங்க பேரை எல்லாம் சீட்டு எழுதி, நம்ம தலைவரோட தொப்பியில போட்டுக் குலுக்கி, எதிரணி கேப்டனோ தலைவரோ கையை விட்டு எடுப்பார். யார் பேர் வருதோ, அவன் அவங்க சட்டையைப் போட்டுக்கிட்டு, அன்னிக்கு ஒரு நாள் சொந்த அண்ணனையும் முட்டித் தள்ளணும். இரவல் ஆள் வேணும்னே சொதப்பினான்னு எங்க லீக்ல ஒரு பேச்சு வந்ததே இல்லை. அப்படி ஒருத்தன் செஞ்சா ஊர்ல எவன் வீட்டுலயும் பச்சைத் தண்ணி கிடைக்காது.

எங்க அப்பாதான் விராபின் தலைவர். அவர் தொப்பிதான் தொப்பி. தலைவரானதுல இருந்து ஒரு தடவை கூட எங்களுக்குக் கோப்பை கிடைக்கலை. மனுஷன் அதுக்குள்ள கோப்பை வைக்க கண்ணாடி போட்ட அலமாரி ஒண்ணு செஞ்சு கிளப் அறையில மாட்டிட்டார். கின்னக்காரங்க வர்றப்பல்லாம் கிண்டல்தான். "என்ன பெர்சி, அலமாரி காலியா கிடக்குதே, எங்க வீட்டு ஜாம் பாட்டிலை அனுப்பி வைக்கட்டா?"ன்னு கேப்பாங்க. அப்பா சிரிப்பார். வீட்டுக்கு வந்து கதவை ஓங்கிச் சாத்துவார்.

அந்த வருஷம் எங்களுக்கு யோகம் அடிச்சுது. என் தம்பி லின்ட்சே முன்வரிசையில ஆடறவன். கோல் கம்பத்துக்கு முன்னாடி நின்னான்னா பந்து அவன் கையைத் தேடி வரும். அவன் புண்ணியத்துல இரண்டாவது இடத்துக்கு ஏறிட்டோம். கடைசி வாரம் டாரப்பை ஜெயிச்சா இறுதி ஆட்டம். டாரப்னா கடைசி இடத்துல கிடக்கற அணி, யார் வேணா ஜெயிக்கலாம். அப்பா அந்த வாரம் முழுக்க அலமாரிக் கண்ணாடியைத் தொடச்சிட்டே இருந்தார்.

சனிக்கிழமை டாரப்காரங்க வந்து இறங்கினா, ரெண்டு ஆள் குறையுது. அவங்க கேப்டன் டூலன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தார்.

"பெர்சி, தப்பா நினைக்காதே. தொப்பியை நீட்டு."

அப்பா நீட்டினார். முதல் சீட்டு, ஒரு நோஞ்சான் பையன். எங்க ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சுக்கிட்டாங்க. இரண்டாவது சீட்டைப் பிரிச்ச டூலன் சத்தமா படிக்கக்கூட இல்லை. அப்பா கையில கொடுத்துட்டார். லின்ட்சே ட்ரெலோர்.

எங்க கேப்டன் ரெஜ் பாஸ்கோ குதிச்சார். "அய்யய்யோ! இது செல்லாது, மறுபடி எடு! டூலன், நீயே சொல்லுப்பா, வேற சீட்டு எடுத்துக்கோ!"

டூலன் கூட சரின்னு கையை நீட்டிட்டார், பாவம். அப்பாதான் விடலை. "தொப்பின்னா தொப்பிதான்"னு சொல்லிட்டு, டாரப்போட பச்சைச் சட்டை ஒண்ணை வாங்கி தம்பி மேல எறிஞ்சார். "போட்டுக்கோடா. இந்தச் சட்டையைப் போட்டா நீ அவங்க ஆளு. ஒழுங்கா ஆடலேன்னா வீட்டுப் பக்கம் வந்துடாதே."

"ஏம்ப்பா, நான் எப்ப ஒழுங்கா ஆடாம இருந்தேன்?"னு சிரிச்சுக்கிட்டே போனான். எனக்கு அப்பா மேல அவ்வளவு பெருமை. கேன்டீன்ல சாஸேஜ் புரட்டிக்கிட்டே எல்லார்கிட்டயும் சொன்னேன், பாத்தீங்களா எங்கப்பாவைன்னு.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிடறேன். எங்க ஊர்ல யாரும் பெஞ்சுல உக்காந்து ஆட்டம் பாக்கறதில்லை. மைதானத்தைச் சுத்தி வண்டியை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்துக்குவோம். கோல் விழுந்தா கைதட்டறதுக்குப் பதிலா ஹாரன். ஆனா ஒருத்தன் பந்தைப் பிடிச்சு, நின்னு குறி பாத்து உதைக்க ஓடி வர்றப்ப எவனும் ஹாரன்ல கை வைக்கக்கூடாது. இந்த விதியைக் கொண்டு வந்ததே எங்கப்பாதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி மைக்கைப் பிடிச்சு, "உதைக்கறவன் காதுல காத்து சத்தம் மட்டும்தான் விழணும்"னு கத்துவார். அவரோட பழைய பிக்கப் வண்டி ஹாரன் சளி பிடிச்ச கிடா கத்தற மாதிரி இருக்கும். பத்து வண்டி சேர்ந்து அடிச்சாலும் அது தனியா கேக்கும்.

தம்பி ஒழுங்காத்தான் ஆடினான். ஒழுங்கான்னா, தனியாளா எங்களைத் துரத்திக்கிட்டே வந்தான். கடைசி நிமிஷத்துல டாரப் நாலு புள்ளிதான் பின்னாடி. ஒரு கோல் விழுந்தா ஆறு புள்ளி. யாரோ கண்ணை மூடிக்கிட்டு ஒரு உதை விட, பந்து மேல போச்சு, ரெஜ் பாஸ்கோ தோள் மேல ஏறி தம்பி பிடிச்சான். அவன் கால் தரையைத் தொடறப்ப சங்கு ஊதிடுச்சு. ஆட்டம் முடிஞ்சது. ஆனா சங்குக்கு முன்னாடி பிடிச்ச பந்தை உதைச்சுத்தான் ஆகணும்.

ஓரத்துல இருந்து உதைக்கணும், எதிர்க்காத்து. தவறினா யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, அவ்வளவு கஷ்டமான இடம். மைதானமே கப்சிப்புன்னு ஆயிடுச்சு. நான் கரண்டியை வச்சுட்டு வெளியே வந்தேன். தம்பி காலுறையை இழுத்து விட்டுக்கிட்டு ஓட ஆரம்பிச்சான். நாலஞ்சு எட்டு வச்சிருப்பான்.

கிடா கத்துச்சு. சின்னதா இல்லை. நீளமா, கையை எடுக்காம.

பந்து நடுக் கம்பங்களுக்கு ஊடால நேரா போச்சு. வெள்ளைக் கோட்டு போட்ட நடுவர் கோல்தான்னு ரெண்டு கொடியையும் ஆட்டினார். ரெண்டு புள்ளியில நாங்க தோத்தோம். ஒரு வண்டி கூட ஹாரன் அடிக்கலை. டாரப்காரங்க கூட அடிக்கலை. எல்லாரும் எங்கப்பா வண்டியைப் பாத்துட்டு, உடனே வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை. கல்லெடுத்து எறிஞ்சிருந்தாக்கூட மனுஷன் தாங்கியிருப்பார்.

அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டை நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அம்மா அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. மேஜையில நாங்க மூணே பேர். அப்பா தட்டைப் பாத்தார். தம்பி தட்டைப் பாத்தான். ரெண்டு ஊமைங்களுக்கு நடுவுல நான் ஆட்டுக்கறியை வெட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். திங்கட்கிழமை தம்பி மேற்கே இரும்புச் சுரங்கத்துக்குக் கிளம்பிட்டான். "அப்பாகிட்ட சொல்லிட்டுப் போடா"ன்னேன். "அவர் கேக்கலையேக்கா"ன்னான்.

சுரங்கத்துல நல்ல சம்பளம்னு அவன் போன் பண்ணதுல இன்னும் மூணு பசங்க போனாங்க. அடுத்த ஏப்ரல்ல முதல் ஆட்டத்துக்கு விராபின்ல பதினஞ்சு பேர்தான். எதிரணி மறுபடியும் டாரப். டூலன் சிரிச்சுக்கிட்டே அவங்க தலைவரோட தொப்பியை வாங்கிட்டு வந்தார்.

"பெர்சி, இன்னிக்கு உன் முறை. கையை விடுப்பா. என்னையே எடுத்தாலும் எடுப்பே."

"வேணாம்"னார் அப்பா.

"என்னது வேணாமா?"

"ஆள் இல்லை. ஆட்டத்தை விட்டுக் கொடுக்கறோம். எழுதிக்கோ."

எனக்கு வந்ததே கோபம். அத்தனை பேர் முன்னாடியும் அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். "அப்பா! உங்களுக்குப் பைத்தியமா? தொப்பி பக்கத்துலயே இருக்கு, கையை விட்டா ஆள் வரும்! எத்தனை வருஷம் நாம கொடுத்திருக்கோம்!"

அவர் என்னை வண்டிக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார். "இரவல் வாங்கறவன் அந்த ஆளை நம்பணும் க்ளெனிஸ். நேர்மையா ஆடுவான்னு. சொந்தப் பையன் உதைக்கறப்ப ஹாரன் அடிச்சவன் நான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நேர்மையை இரவல் கேப்பேன்?"

மூணு வாரம் அப்படியே விட்டுக் கொடுத்தார். மூணு தடவை விட்டா கிளப்பை எடுத்துடுவாங்க. எடுத்தாங்க. நாலு மூணாச்சு, லீக் செத்துச்சு. டாரப், கின்னக், டன்மூர் பசங்க எல்லாம் ஒண்ணரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் வேற ஊருக்கு ஆடினாங்க, கொஞ்ச நாள்ல அதையும் விட்டாங்க. இதுல வறட்சி எங்க வந்துச்சுன்னு எனக்குப் புரியவே இல்லை.

அதுக்கப்புறம் பத்துப் பன்னண்டு வருஷம் அப்பாவும் தம்பியும் பேசலை. கிறிஸ்துமஸுக்கு அவன் போன் பண்ணுவான், நான் எடுப்பேன், "அப்பா எப்படி இருக்கார்?"னு கேப்பான். இவர் பக்கத்து நாற்காலியில இருந்து, "அங்க வெயில் எப்படியாம்?"னு கேப்பார். நடுவுல நான் ஒரு போஸ்ட்மேன். போனை அவர் மடியில வீசிடலாம்னு எத்தனையோ தடவை தோணியிருக்கு.

அப்பாவுக்கு நுரையீரல் போய், மூக்குல குழாய் மாட்டினப்புறம்தான் தம்பி வந்தான். மீசை நரைச்சிருந்துச்சு. ரெண்டு பேரும் வெராண்டாவுல உக்காந்து, கோதுமை விலை பேசினாங்க, செம்மறி ரோமம் பேசினாங்க. நான் டீ கொண்டு போறப்ப அப்பா திடீர்னு கேட்டார்.

"டேய். அன்னிக்கு நான் ஹாரன் அடிக்காம இருந்திருந்தா?"

தம்பி கப்பை வாங்கிக் கீழ வச்சான். 

"அடிக்காட்டியும் உள்ளதான்ப்பா போயிருக்கும். ஓட ஆரம்பிக்கறப்பவே தெரிஞ்சுது."

அப்பா முகத்தைப் பாக்கணுமே! குழாயோட சிரிச்சார், இருமினார், மறுபடி சிரிச்சார். "அதானே! எனக்குத் தெரியும்டா. நீ வேணும்னே விடற ஜாதி இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான்டா பயந்து போய் கையை வச்சேன். எனக்கு அந்தக் கோப்பை அவ்வளவு ஆசையா இருந்துச்சு." தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டார். "நான் திருடன். நீ இல்லை. அது போதும் எனக்கு."

நான் உள்ள போய் அழுதேன். பன்னண்டு வருஷம் வீணாப் போச்சே, இந்த நாலு வார்த்தைக்கான்னு அழுதேன். அடுத்த வாரமே அப்பா நிம்மதியா போய்ச் சேந்தார்.

அடக்கம் முடிஞ்சு, அப்பாவோட பிக்கப்புல தம்பியைக் கூட்டிக்கிட்டு மைதானத்துப் பக்கம் போனேன். இப்ப அங்க யாரோ ஆடு மேய்க்கறாங்க. ஒரு பக்கக் கம்பம் மட்டும் நிக்குது. தம்பி இறங்கி, அந்த ஓரத்துல போய் நின்னு பாத்தான். ரொம்ப நேரம் நின்னான். திரும்பி வந்து வண்டியில ஏறினதும் சொன்னான்.

"அக்கா, நான் விடறதாத்தான் இருந்தேன்."

"எதைடா?"

"அந்த உதையை. வெளிய அடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்பா அலமாரி கண்ணு முன்னாடியே நின்னுச்சு. யாருக்குத் தெரியப் போகுது, காத்து மேல பழி போட்டுடலாம்னு ஓட ஆரம்பிச்சேன். அப்பதான் ஹாரன். 'ஒழுங்கா ஆடு'ன்னு சட்டையை எறிஞ்ச மனுஷனே அடிக்கறாரேன்னு எனக்கு வெறி வந்துடுச்சு. அந்த வெறியிலதான் நேரா அடிச்சேன்."

அப்பாவோட அந்தக் கை இன்னும் ரெண்டு நொடி மடியிலயே கிடந்திருந்தா, எங்களுக்கு இறுதி ஆட்டம். தம்பி ஊர்லயே இருந்திருப்பான். அடுத்த ஏப்ரல்ல பதினெட்டு பேர் இறங்கியிருப்பாங்க. பாவி மனுஷா, நீ கேக்காமலே உனக்குக் கொடுக்க வந்தானே!

"ஏண்டா இதை என்கிட்ட சொன்னே?"ன்னு கத்தினேன்.

"வேற யார்கிட்ட சொல்றது?"ன்னான்.

வண்டியைக் கிளப்பினேன். மைதானத்து வாசல்ல ஆடுங்க கூட்டமா வழியை மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. நகர மாட்டேங்குது. "ஒரு ஹாரன் அடியேன்க்கா"ன்னான் தம்பி, யோசிக்காம. சொன்னப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

நான் வண்டியை நிறுத்திட்டு, அடக்கத்துக்குப் போட்ட நல்ல செருப்போட புழுதியில இறங்கி, கையைத் தட்டித் தட்டி ஆட்டை விரட்டினேன்.