துரை வண்டியின் பின்சீட்டு

சனிக்கிழமை காலை இருளப்பன் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் தோட்டத்து மேலாளரான துரையின் டிரைவர். முந்தின நாள் மதியம்தான் என் மனைவி சந்திரமதியை அடக்கம் செய்திருந்தோம். ஈப்போவிலிருந்து வந்த அவள் அண்ணன் ராதாகிருஷ்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

“சார், கொஞ்சம் ஷெட்டுக்கு வாங்களேன்” என்றார் இருளப்பன், குரலைத் தாழ்த்தி. “தப்பு நடந்துபோச்சு.”

எழுந்து போனேன். வீட்டில் எனக்குச் செய்ய எதுவும் இல்லை.

வியாழக்கிழமை மாலை மூன்றரைக்குச் சந்திரமதிக்கு இரத்தப்போக்கு ஆரம்பித்தது. எட்டாம் மாதம். எஸ்டேட் வேன் தாப்பாவில் பட்டறையில் கிடந்தது. துரை கூட்டத்துக்காகக் கம்பெனி வண்டியில் பினாங்கு போயிருந்தார். அவருடைய சொந்தக் கார் பங்களா கொட்டகையில் நின்றது. சாவி இருளப்பனிடம் இருந்தது. அவருக்கு முன்னால் டிரைவராக இருந்த சின்னக்கருப்பன், தன் அக்காவை அதே காரில் தானா ராத்தா பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டது துரைக்குத் தெரிந்து, அந்த வாரமே வேலையை இழந்தார். லயத்து வீட்டையும் காலி செய்தார். இது எனக்கும் தெரியும், இருளப்பனுக்கும் தெரியும். நான் கேட்டேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்தது. ஒரு மணி நேரத்தில் அவளும் இல்லை, குழந்தையும் இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம், கோலா தெர்லாவிலிருந்து வந்த காய்கறி லோரியை மறித்து ஏற்றினேன் என்று சொன்னேன். ராதாகிருஷ்ணனிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் வாயில் எந்த ரகசியமும் தங்காது. கோபம் வந்தால் கடைத்தெருவுக்கே கேட்கும்படி பேசுவார்.

கொட்டகையில் இருளப்பன், துரை காரின் பின்கதவைத் திறந்தார். கரும்பழுப்பு ரெக்சின் சீட்டு. அதன் இடது பாதி, எண்ணெய் தேய்த்த தலைபோல மின்னியது.

“ரத்தத்தப் பச்சத்தண்ணி வெச்சே எடுத்துட்டேன் சார். சுத்தமாப் போயிருச்சு. அப்புறம்தான் இவ உள்ள பூந்துட்டா.”

அவர் மனைவி இராசம்மா தூணோரம் நின்றிருந்தார். “காஞ்சா வெடிச்சுப்போயிருமேன்னு கொஞ்சூண்டு தேங்காண்ண தடவுனேன் சார்.”

“கொஞ்சூண்டா? மீனப் போட்டா பொரியும்லா அதுல.”

“உங்க மொட்ட மண்டைக்குத் தடவுறதுல பாதிகூட இல்ல.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

துரைக்குக் காருக்குள் எதுவும் மின்னக் கூடாது. பனிமூட்டத்தில் வளைவுகளில் இறங்கும்போது டாஷ்போர்டின் பளபளப்பு கண்ணாடியில் அடிக்கிறது என்று, மெருகுபோடும் டப்பாவையே ஒருமுறை தூக்கி எறிந்திருக்கிறார்.

“ஓடுன மைலப் பாக்கமாட்டாரு சார். சீட்ட பாப்பாரு. நாளைக்கு மத்தியானம் வந்துருவாரு” என்றார் இருளப்பன்.

கல்லூரியில் வேதியியல் படித்தேன். இந்தத் தோட்டத்துத் தேயிலை ஆலையில் உதவி டீமேக்கர். எண்ணெயைத் தண்ணீர் எடுக்காது. வெதுவெதுப்பான நீரில் சோப்புத் தூளைக் கொஞ்சமாகக் கரைத்தேன். அதிகமானால் சோப்பே படலமாக நின்று மின்னும். துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, ஒரே திசையில் துடைத்தேன். உடனே வெறும் நீரில் நனைத்த துணி. பிறகு உலர்ந்த துணி. தையல் ஓரங்களுக்குப் பழைய பல்துலக்கி. அதன் நுனி கொஞ்சம் சிவந்து வந்தது. இருளப்பன் வாளியை மாற்றினார். நீர் தெளிவாக வரும்வரை செய்தேன்.

அன்று மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவள் உட்காரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் தூக்கியபடியே வந்தாள். “துரை வண்டிங்க. கறையாயிரும்” என்றாள். படு என்று சொன்னேன். கத்தியும் சொன்னேன். மூன்றாவது வளைவில்தான் அவளால் முடியாமல் போனது.

மூன்று முறை துடைத்த பிறகு கதவோரம் குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் பளபளப்பு தெரியாது, தாழ்வாகப் பார்க்க வேண்டும். எண்ணெய் போய்விட்டது. ஆனால் இடது பாதி மற்ற இடங்களைவிடச் சுத்தமாக இருந்தது. அதுவும் காட்டிக்கொடுக்கும். அதனால் வலது பாதி, முன்சீட்டுகள், கதவுகள், டாஷ்போர்டு என்று எல்லாவற்றையும் ஒரே மங்கலுக்குக் கொண்டுவந்தேன். எண்ணெய் வாடைக்கு, ஆலையிலிருந்து கொண்டுவந்த தேயிலைத் தூளைத் துணியில் கட்டி உள்ளே வைத்தேன். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு முடித்தோம்.

“ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு சார்” என்றார் இருளப்பன். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டில் ராதாகிருஷ்ணன் விழித்திருந்தார்.

“மாப்ள, எனக்கு மனசே ஆறல. இவ்ளோ பெரிய எஸ்டேட்டு, ஒரு வண்டி காடி இல்லையா? புள்ளத்தாச்சிய கோசு மூட்டையோட ஏத்தியிருக்க. அந்தத் துரைய நாலு கேள்வி கேக்காம நான் ஈப்போ போகமாட்டேன்.”

“வேணாம் மச்சான்.”

“நீ ஊமையா இரு. என்னால முடியாது.”

ஞாயிறு மதியம் துரை வந்த செய்தி கேட்டதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். துரை கொட்டகைக்கு முன்னால் நின்றிருந்தார். நம்மவர்தான், பழனியப்பன் என்று பெயர். என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். ராதாகிருஷ்ணன் குறுக்கே வந்தார்.

“தங்கச்சி லோரியில போய்ச் செத்தா சார். உங்க எஸ்டேட்டுல ஆளுக்கு வண்டி இல்லையா?”

துரை கோபப்படவில்லை. “வேன் பட்டறையில. ஆனா என் கார் இங்கதான் நின்னுச்சு. சாவி டிரைவர்கிட்ட. வேணும்னா பாருங்க.”

பின்கதவைத் திறந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். இடது பக்கச் சீட்டின் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டி, கையைத் திருப்பிப் பார்த்தார். இருளப்பன் தரையைப் பார்த்தபடி நின்றார். சமையற்கட்டு வாசலில் இராசம்மா நின்றார்.

“நான் போனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு” என்றார் துரை. “உயிர் போற அவசரம்னா நான் என்ன வேணாம்னா சொல்வேன்?” இருளப்பன் பக்கம் திரும்பினார். “இவரு உன்கிட்ட கேட்டாரா?”

இருளப்பன் வாயைத் திறந்தார். முகம் கோணியது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் சொல்லிவிடுவார்.

“கேக்கல சார்” என்றேன் நான்.

“ஏன்?” துரை உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

“தோணல.”

ராதாகிருஷ்ணன் காரைப் பார்த்தார். திறந்த கதவுக்குள், மங்கலாக, யாரும் உட்காராத சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“கூப்புடு தூரத்துல காடி நின்னுருக்கு” என்றார் மெதுவாக. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “எங்கம்மா கேப்பாங்க. மாப்ளைக்குத் தோணலையாம்னு சொல்றேன்.”

அவர் சரிவில் இறங்கிப் போனார். துரை கதவைச் சாத்தினார். இருளப்பன் என்னை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.