கியர் எண்ணெயில் தேங்கிய காலைப்பொழுதுகள்

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு ஜூன் மாதம் மூன்றாம் நாள், திங்கட்கிழமை. விடியலுக்கு முன் பெய்த மழை ஐந்து மணிக்கு ஓய்ந்தது. வானம் மூடியே இருந்தது, காற்று இல்லை. அன்று காலை ஐந்து நாற்பதுக்குக் கரமனையிலிருந்து காரில் புறப்பட்ட பொன்னம்மை, தன் கைக்கடிகாரத்தின்படி பன்னிரண்டு நிமிடங்களில் தம்பானூரை அடைந்தாள். தம்பானூரில் அப்போது மணி ஏழரை. வழியில் அவள் எங்கும் நிற்கவில்லை, உறங்கவும் இல்லை. இடைப்பட்ட ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடங்களைக் கார் விழுங்கியிருந்தது. கிள்ளிப்பாலத்து ஏற்றத்தில் அந்த வெள்ளைக் கார் எஞ்சின் இரைய அசையாமல் நின்றதையும், உள்ளே ஒரு பெண்மணி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இமைத்ததையும் ஆட்டோ ஓட்டுநர்கள் பலர் கண்டனர். போக்குவரத்துக் காவலர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். அவள் முகம் திரும்பி முடிவதற்குள் அவர் எதிர்க்கடையில் தேநீர் குடித்து முடித்துவிட்டார்.

இதன் காரணம் எளியது. தானியங்கி கியர்ப்பெட்டி என்பது, எஞ்சினின் விசையை எண்ணெயின் வழியாகச் சக்கரங்களுக்குக் கடத்தும் அமைப்பாகும். அது முதுமையடையும்போது எஞ்சின் சுழன்றாலும் வண்டி நகராது. இதைத் தொழிலாளர் ‘ஸ்லிப்’ என்பர். பொன்னம்மையின் கார் இருபத்தொரு வயதுடையது. மூன்று ஆண்டுகளாக அதில் விசையோடு நேரமும் நழுவிவந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு மூன்று நிமிடம், பின்னர் பத்து, பின்னர் முப்பது. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கோட்டாற்றில் பிறந்து, ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் ஆறுமுகநயினாருக்கு வாழ்க்கைப்பட்டவள். தம்பானூரில் ஓர் உணவகத்துக்கும் மூன்று லாட்ஜ்களுக்கும் நாள்தோறும் பதினாறு தூக்குப் பாத்திரங்களில் இட்லி மாவு கொண்டுசெல்வது அவள் தொழில். நாற்பத்தெட்டாம் வயதில் அவள் கார் ஓட்டக் கற்றாள். தானியங்கிக் கார் என்பதால் மட்டுமே கற்க முடிந்தது. அதில் வலது கால் ஒன்றே உழைக்கும். இடது கால், பந்திக்கு வந்த விருந்தாளியைப் போல ஓரமாக அமர்ந்திருக்கும். கிளட்ச் உள்ள பயிற்சிக் காரில் அவள் முன்பு சில நாள் பழகியதுண்டு. மூன்றாம் நாளில் அது ஓர் இளநீர்க் குவியலின் மேல் ஏறி நின்றதால், தன் இடது காலுக்கு அறிவில்லை என்ற முடிவுக்கு அவள் வந்திருந்தாள்.

உணவகத்தை நடத்திவந்த நீலகண்டன் பொறுமைசாலி. ஆயினும் அவரது அடுப்புக்குப் பொறுமை இல்லை. “அம்மா, மாவு ஏழரைக்கு வந்தா நான் ஆறு மணிக்கு எதை அவிக்கட்டும்? ஒங்க கைக்கடிகாரத்தையா?” என்று அவர் அன்று கேட்டார். பதினேழாம் தேதி திங்கட்கிழமை முதல் மாவு ஆறு மணிக்குள் வராவிட்டால், பாக்கெட் மாவுக்காரனிடம் சொல்லிவிடுவதாகவும் தெரிவித்தார். உணவகம் போனால் லாட்ஜ்களும் போகும். பதினெட்டு ஆண்டுகள் ஆட்டிய கல் நின்றுவிடும். காரை இரும்பு விலைக்குப் போடும்படி ஆறுமுகநயினார் யோசனை சொன்னார். அவள் அந்த யோசனையைக் கேட்டுக்கொண்டு, காரைக் கரமனையாற்றங்கரையில் மெக்கானிக் ஸ்ரீகுமாரின் பணிமனைக்குக் கயிறு கட்டி இழுத்துச் சென்றாள். ஸ்ரீகுமார் படுத்து, பார்த்து, எழுந்தான். புதிய தானியங்கிப் பெட்டியின் விலை காரின் விலையைவிட அதிகம் என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னான். “சேச்சி, கார் நன்னா உண்டு. பெட்டி மட்டும் போயி. நான் கை கியர் வெச்சுத் தரேன், செலவு கொறவு. பக்ஷே ரெண்டு காலுக்கும் வேலை வரும் கேட்டோ.” அவள் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

குறைந்த செலவில் இவ்வாறு மாற்ற விரும்புவோர் உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கலாகாது. அதே வகையைச் சேர்ந்த, கை கியர் உள்ள, ஓடாத ஒரு காரைத் தேட வேண்டும். கியர்ப்பெட்டி, கிளட்ச், அதன் தகட்டைத் தாங்கும் சக்கரம், மிதிகள், கம்பிகள், அச்சுத்தண்டுகள் யாவும் அதில் ஒருங்கே கிடைக்கும். அத்தகைய கார் ஒன்று பாறசாலையில் வேதமாணிக்கம் என்பவரின் தோட்டத்தில் கோழிக்கூடாக இருந்தது. பின் இருக்கையில் மூன்று கோழிகள் அடை காத்தன. ஓட்டுநர் இருக்கை சேவலுக்கு உரியது. கோழிகளைக் கலைக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவரது நிபந்தனை. “கோழிக்கு எதுக்கு வே கியரு? அதுக சும்மாதான் இருக்கு. எடுத்துட்டுப் போம்,” என்றார். ஸ்ரீகுமார் ஒரு பகல் முழுவதும் காரின் அடியில் படுத்து, தலைக்கு மேல் கொக்கரிப்பைக் கேட்டவாறே வேண்டியவற்றைக் கழற்றினான். அடை கலையவில்லை.

ஆறாம் தேதி பழைய பெட்டியின் எண்ணெய் வடிக்கப்பட்டது. நான்கு லிட்டர், கறுத்த, கனமான எண்ணெய். பழைய எண்ணெயை வாசற்கதவின் மரத்துக்குப் பூசினால் கறையான் அண்டாது என்பதால், பொன்னம்மை அதைக் கொட்டவிடாமல் ஒரு தூக்குப் பாத்திரத்தில் வாங்கிவந்து ஆட்டுக்கல் அறையில் திறந்தபடி வைத்தாள். மாவுக்காரி அல்லாத எவரும் அடுத்து நிகழ்ந்ததைக் கவனித்திருக்க மாட்டார்கள். மாலை ஏழு மணிக்குக் கரைத்து வைத்த மாவு, ஏழேகாலுக்குப் பொங்கித் தரையில் வழிந்தது. எட்டு மணி நேரத்துப் புளிப்பு அதில் சரியாக இருந்தது. “சோடாப்பொடி போட்டீங்களா?” என்று கணவரைக் கேட்டாள். “எனக்கு வேற சோலி இல்லையா?” என்றார் அவர். அவள் எண்ணெய்ப் பாத்திரத்தை மூடினாள். அடுத்த மாவு அசையாமல் கிடந்தது. திறந்தாள், குமிழிட்டது. பச்சை நேந்திரக்குலை ஒன்றை அருகில் தொங்கவிட்டாள். தொலைக்காட்சித் தொடரின் இடையே விளம்பரம் ஓடி முடிவதற்குள் அது மஞ்சளாகி, புள்ளி விழுந்து, கறுத்தது. பாத்திரத்தில் எண்ணெயின் மேற்பரப்பு விரற்கடை அளவுக்குத் தெளிந்திருந்தது. மறுநாள் இதைக் கேட்ட ஸ்ரீகுமார் வியப்படையவில்லை. ஸ்லிப் ஆன நேரம் வேறெங்கே போகும் சேச்சி, எண்ணெயில்தான் கிடக்கும் என்று சொல்லிவிட்டு, பதினான்காம் எண் ஸ்பானரைத் தேடத் தொடங்கினான்.

ஆறுமுகநயினாரோ பெரிதும் விழிப்படைந்தார். அவர் ஒரு வியாபாரி. “ஏட்டி, காலைல ஆட்டி காலைலயே குடுக்கலாம். ஓட்டல் ரெண்டு கூடப் பிடிக்கலாம். இந்த எண்ணெய்ல ஒரு வருசம் ஓட்டலாம்.” மாவை எதில் கொண்டுபோவது என்று அவள் கேட்டாள். ஆட்டோவில் என்றார். அந்த வாரம் ஆட்டோவில் சென்ற மாவு ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு கரண்டியளவு சாலைக்குப் போயிருந்ததை அவள் நினைவூட்டினாள். விடியற்காலை ஓட்டம் என்று ஆட்டோக்காரன் வாடகைக்கு மேல் வாடகை கேட்டதையும் சொன்னாள். பின்பு, அந்தக் குடும்பத்தில் அதுவரை எழாத ஒரு கேள்வி எழுந்தது: எண்ணெயில் இருக்கும் நேரம் யாருடையது? “பாத்திரம் ஒங்களுக்கு, எண்ணெய் ஒங்களுக்கு. உள்ள கிடக்க நேரம் எனக்குள்ளது. நான் கார்ல இருந்து தொலைச்சது. என் காலுக்குப் படிக்கணும்,” என்றாள். காலுக்கு என்ன படிப்பு என்று அவர் சிரித்தார். அன்றிலிருந்து பாத்திரத்தின் மூடியை அவள் துணியால் இறுகக் கட்டித் தன் கட்டிலின் கீழ் வைத்துக்கொண்டாள்.

பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு எல்லாப் பாகங்களும் பொருத்தப்பட்டன. ஆனால் கார் உயிர்பெறவில்லை. ஸ்ரீகுமார் பேட்டரியை மாற்றினான், ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டினான், மூன்றரை மணிவரை தன் விதியை நொந்தான். பொன்னம்மை முன்னிருக்கையில் சாய்ந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “ஏ ஸ்ரீகுமாரு, இது P-ல இருந்தாத்தானே எப்பவும் உயிர் பிடிக்கும்? இப்ப அதுக்கு P எங்க?” கியர்க் கோல் P என்ற நிறுத்த நிலையிலோ N என்ற நடுநிலையிலோ இருந்தாலொழிய ஸ்டார்ட்டர் சுழலக்கூடாது என்பது தானியங்கிக் காரின் ஒழுக்கம். கோல் போய்விட்டது; ஒழுக்கம் போகவில்லை. கார் இன்னும் அந்தச் சமிக்ஞைக்காகக் காத்திருந்தது. பழைய கோல் இருந்த இடத்தின் அடியில் தொங்கிய இரண்டு கம்பிகளை ஸ்ரீகுமார் முறுக்கி இணைத்தான். எஞ்சின் உடனே பேசியது. அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, “என்டெ சேச்சி” என்று மட்டும் சொன்னான்.

அப்போது மெல்லிய தூறல் தொடங்கியிருந்தது. பணிமனைக்குப் பின்னால் ஆற்றையொட்டி அறுபது மீட்டர் நீளத்தில் ஓர் ஆளற்ற சந்து உண்டு. அதன் கோடியில் ஏற்றம். பொன்னம்மை பெட்ரோலை முழுக்க நிரப்பச் சொன்னாள். தண்ணீர்க் குடம், இரண்டு சீப்பு ரசகதலிப் பழம், அவல், வெல்லம், ஊறுகாய், முறுக்குப் பொட்டலம், ஒரு துடைப்பம், ஒரு போர்வை ஆகியவற்றைக் காரில் ஏற்றினாள். எண்ணெய்ப் பாத்திரத்தைப் பின்னிருக்கையில் வைத்துத் துணியை அவிழ்த்தாள். கணவர் குடையுடன் ஓடிவந்தார். “ஏட்டி, அதை மூ” என்பதுவரை அவர் சொன்னார். அவள் மூடியைத் திறந்தாள்.

உலகம் நின்றது. தூறலின் துளிகள் இருந்த இடத்திலேயே தங்கின. நேரம் காரையும் அதைச் சுற்றி ஒரு முழத் தொலைவையும் மட்டுமே எட்டியது. முதல் உறக்கத்துக்குள் எஞ்சின் இருநூற்றுப் பன்னிரண்டு முறை அணைந்தது. கிளட்ச் மிதி என்பது எஞ்சினையும் சக்கரத்தையும் பிரிப்பதும் சேர்ப்பதுமாகும். முழுதும் பிரியாமல் முழுதும் சேராமல் நிற்கும் இடம் அதில் ஒரு விரல் அகலம்தான் உண்டு. அந்த ஒரு விரலைத் தேடி அவள் முன்னும் பின்னும் சென்றாள். கார் கடந்த பாதையில் தொங்கிய துளிகளையெல்லாம் கண்ணாடி வாரிக்கொண்டது. மூன்றாம் உறக்கத்துக்குள் சந்தின் நடுவே, காரின் அகலத்துக்கும் உயரத்துக்கும், மழையற்ற ஒரு குகை உருவானது. புகை வெளியேறிய இடத்திலேயே பஞ்சுபோல் கிடந்தது. களைத்தபோது அவள் போர்வையைக் கண்மீது இழுத்து உறங்கினாள், ஏனெனில் மணி எப்போதும் மாலை நான்கு பத்து. ஐந்தாம் உறக்கத்துக்குப் பின் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கையில், தான் நினைப்பதற்கு முன்பே இடது கால் மெல்ல எழுவதை அவள் கண்டாள். அதை நம்பாமல் நாற்பது முறை சோதித்தாள். நாற்பது முறையும் அது அறிந்தே இருந்தது.

சந்தின் முனையில் கணவர் திறந்த வாயுடன் நின்றுகொண்டிருந்தார். முதலில் அந்த வாயைக் காண அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது, எட்டாம் நாள் இரக்கம் வந்தது. அவரது மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் ஒரு துளி தொங்கியது. காரை அவர்முன் ஒன்றரை முழத்தில் நிறுத்தி, துடைப்பத்தின் காம்பை நீட்டி, அத்துளியை மட்டும் அவள் ஒற்றி எடுத்தாள். அதற்குமேல் நெருங்கவில்லை, அவரும் நேரத்துக்குள் வந்துவிட்டால் வாதம் தொடங்கிவிடும். ஒன்பதாம் உறக்கத்திலிருந்து அவள் விழித்தபோது பாத்திரத்தில் நல்லெண்ணெய் போன்ற ஒரு தெளிந்த திரவமே இருந்தது. தூறல் விழும் ஓசை கேட்டது.

“டி வை,” என்று ஆறுமுகநயினார் முடித்தார். பிறகு அவளை உற்றுப் பார்த்தார். நகங்கள் வளர்ந்திருந்தன, நெற்றியோரத்தில் சாயமற்ற நரை ஓர் அரிசியளவு தெரிந்தது. “எத்தன நாளு?” என்று தணிந்த குரலில் கேட்டார். ஒன்பது என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டார். பெட்ரோல் முள்ளைப் பார்த்த ஸ்ரீகுமார், “ஈஸ்வரா, இப்போ நிறைச்ச டாங்கு,” என்றான். அவ்வாண்டு முதல் பொன்னம்மையின் பிறந்தநாள் அவ்வீட்டில் ஒன்பது நாள் முன்னதாகவே கொண்டாடப்படுகிறது; கோயில் அர்ச்சனைக்கு மட்டும் பழைய தேதியைக் கொடுக்கின்றனர். அந்தச் சந்தின் நடுவே அறுபது மீட்டர் நீளத்தில் இன்றளவும் மழை விழுவதில்லை. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே பப்படம் உலர்த்தும் லீலாபாய் என்ற அண்டைவீட்டுப் பெண்மணி, மாநகராட்சிக்குத் தெரிந்துவிடுமோ என்று அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை விஷயம் இன்னும் கூறப்படவில்லை. அன்று காலை ஐந்து நாற்பதுக்குப் பதினாறு பாத்திரங்களுடன் கார் புறப்பட்டது. ஆறுமுகநயினார் கேட்காமலேயே முன்னிருக்கையில் ஏறி, மடியில் ஒரு பாத்திரத்தை அணைத்துக்கொண்டார். கிள்ளிப்பாலத்து ஏற்றத்தில் முன்னால் சென்ற அரசுப் பேருந்து நின்றது. பின்னால் ஒரு மீன் வண்டி ஒட்டி நின்றது. பேருந்து புறப்படுமுன் சற்றே பின்னோக்கி உருண்டது. ஆறுமுகநயினார் கண்களை மூடிக்கொண்டு, “பொன்னு,” என்றார். கார் முன்னும் செல்லாமல் பின்னும் சரியாமல், ஏற்றத்தின் நடுவில் அந்த ஒரு விரல் அகலத்தில் நின்றது, பின்பு ஏறியது. பாத்திரங்களின் மூடிகள்கூட ஒலிக்கவில்லை. உணவகத்தின் பின்வாசலில் நீலகண்டன் முதல் பாத்திரத்தைத் திறந்து, ஒரு விரலால் தொட்டு நாவில் வைத்து, “புளிப்பு சரி. உள்ள கொண்டாங்க,” என்றார். அப்போது மணி ஐந்து ஐம்பத்தாறு.