கண்ணாடி பார்க்கிற இடைவெளி

கீபோர்டு கற்க வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சரிகம எடுப்பதில்லை. "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றுதான் கேட்பேன். பல் டாக்டருக்கு அழுகைப் பாட்டு மட்டும்தான் பிடிக்கும். நாள் முழுக்க அடுத்தவர்களை அழவைத்துவிட்டு இங்கே வந்து அவர் அழுவார், அழட்டும். மாடி வீட்டு வாண்டுக்கு வீடியோ கேமில் வரும் சண்டை இசை. யாருக்கு எது பிடிக்கிறதோ அதிலிருந்துதான் பாடம். "இது மியூசிக் கிளாஸா, ஜூஸ் கடையா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். என்னிடம் வந்து பாதியில் நின்றவர் எவருமில்லை.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வந்து சேர்ந்தார் சலூன் அண்ணன். அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவர், என்னைவிட நன்றாகவே மூத்தவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது டீச்சர். ஒரே ஒரு மெட்டு. அத மட்டும் சொல்லிக் குடுங்க போதும்."

சீட்டியடித்துக் காட்டினார். நாலே வரி. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடை நாற்காலியின் கைப்பிடிகள்மேல் பலகை போட்டு உட்காரவைத்து முடி வெட்டுவாராம். அவள் ஆடாமல் இருப்பதற்காக அவரே இட்டுக்கட்டிய மெட்டு அது. இப்போது அவளுக்குக் கல்யாணம். அந்த மெட்டுக்கு வார்த்தை போட்டு வரவேற்பில் நான் பாடுவேன், அப்பாதான் வாசிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

"மாப்பிள்ளை வீட்ல பெரிய பேண்டு செட்டே வருது டீச்சர். அவங்க முன்னாடி என்னால எம்பொண்ணு தலைகுனியக் கூடாது."

விரல்கள் பிரமாதம். கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் மனிதர் கையைத் தூக்கிவிடுவார். தலையைச் சாய்த்து எதிர்ச் சுவரைப் பார்ப்பார். அப்புறம்தான் அடுத்த வரி.

"ஏண்ணே நிறுத்துறீங்க?"

"நிறுத்துனேனா? இல்லையே!"

"சுவத்துல என்ன படமா ஓடுது?"

தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்தேன். அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது, இவர் பாட்டுக்கு நிறுத்திக்கொண்டிருந்தார். கத்தினேன். கோபமே படாமல் "இன்னொரு வாட்டி டீச்சர்" என்பார். அதில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணம் நெருங்கியது. ஒத்திகைக்கு மகள் வந்தாள். அவள் இரண்டாவது வரிக்குப் போய்விட்டாள், அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப அதே கூத்து. "பரவால்லப்பா, சரியாயிடும்" என்று சிரித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை நேராகக் கடைக்கே போனேன். இது சரிப்பட்டு வராது அண்ணே, நான் வாசித்துப் பதிவு செய்து தருகிறேன், அதை ஓட விட்டுவிடலாம் என்று சொல்லிவிடும் முடிவோடு. நாற்காலியில் ஆள் இருந்தது. காத்திருந்தேன்.

கத்தரிக்கோல் சரசரவென்று ஓடியது. நின்றது. கையைத் தூக்கி, தலையைச் சாய்த்து, எதிர்க் கண்ணாடியில் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார். திருப்தியானதும் மறுபடி சரசர.

"அட கடவுளே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எல்லோரிடமும் பிடித்ததைக் கேட்டுப் பாடம் நடத்துகிற மகராசி, இந்த மனிதரின் கை எதற்குப் பழகியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவே இல்லை.

"என்ன டீச்சர், இவ்வளவு தூரம்?"

"ஒண்ணுமில்லண்ணே. சாயந்தரம் பொண்ணக் கூட்டிட்டு வாங்க."

அவர் பார்க்கும் சுவருக்கு முன்னால் மகளை உட்காரவைத்தேன்.

"அண்ணே, ஒரு வரி வாசிங்க. வழக்கம்போல நிறுத்திட்டு இவ மொகத்தப் பாருங்க. நீ அப்பதான் அந்த வரியப் பாடணும்மா. அப்பா வாசிக்கிறப்போ வாயத் தொறக்காத."

வாசித்தார், பார்த்தார். அவள் பாடினாள். அடுத்த வரிக்குக் கை தானாக இறங்கியது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோலக் கச்சிதம்.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தன நாளா என்னை வறுத்தெடுத்தீங்க?" என்றார்.

வரவேற்பில் மண்டபம் நிறைந்த கூட்டம். ஓரமாக பேண்டு செட்காரர்கள் கைகட்டி நின்றார்கள். மேடையில் ஒரு பக்கம் கீபோர்டோடு அண்ணன், நேர் எதிரே நாற்காலியில் மகள். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அழகாகப் போயின. மூன்றாவதைப் பாடிவிட்டு மகள் காத்திருந்தாள். அவர் நாலாவதை வாசிக்கவில்லை. சாய்த்த தலை சாய்த்தபடியே இருந்தது. எதிலோ திருப்தி இல்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

எழுந்தார். மேடையைக் கடந்து மகளிடம் போனார். நெற்றியில் விழுந்து கிடந்த ஒரு முடிக்கற்றையை இரண்டு விரலால் எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். ஒரு அடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்து நாலாவது வரியை வாசித்தார்.

அதை அவளால் பாட முடியவில்லை. வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

அவர் அவளைப் பார்த்தபடியே அந்த வரியைச் சீட்டியடித்தார். அது முடியும்வரை மகள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.