ட்ரோன் இல்ல, ஹெலிகேம்

அண்ணன் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று தாலியின் மூன்றாம் முடிச்சைப் போடவேண்டிய தங்கச்சி ஷைஜா, அந்த நேரத்தில் சர்ச்சுக்கு மேலே விமானத்தில் இருந்தாள். பயணியாக அல்ல, துணை விமானியாக.

அவள் கேட்ட லீவு கேட்டபடி கிடைத்துத்தான் இருந்தது. கூட வேலை பார்க்கும் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தது, கொடுத்த லீவைக் கம்பெனி திரும்பப் பிடுங்கிக்கொண்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். கம்பெனியில் சாமியும் பூசாரியும் ஒரே ஆள், அதனால் முறையிட இடமே இல்லை.

அம்மா குளோரி இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. எடுத்ததும், "நாத்தனார் இல்லாம தாலி ஏறுன கதை நம்ம குடும்பத்துல உண்டா? சொல்லுட்டி, உண்டா?" என்று கேட்டாள்.

ஷைஜா அம்மாவைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "சென்னையில இருந்து நான் வாற பிளைட்டு பதினோரு மணிவாக்குல நம்ம சர்ச்சுக்கு நேர மேலதான் போவும். எல்லாரும் அண்ணாந்து பாத்துக் கைய காட்டுங்க. நான் வந்த மாதிரிதான்."

அம்மா அதைக் கல்யாண மாப்பிள்ளை பெனிஷிடம் சொன்னாள். வினை அங்கேதான் முளைத்தது.

கல்யாணத்தன்று விமானத்தை ஓட்டியது கேப்டன் நீலகண்டன். ரேடியோவில் பேசுவது ஷைஜாவின் வேலை. நீலகண்டன் பூதப்பாண்டிக்காரர். ஷைஜாவின் ஊர் கருங்கலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில். இரண்டும் குமரி மாவட்டம்தான், ஆனாலும் மேற்கே உள்ளவர்கள் வாயைத் திறந்தால் கிழக்கே உள்ளவர்களுக்குப் பாட்டாகத்தான் கேட்கும். "டவர்ல பேசும்போதாவது ராகத்தக் குறைச்சுக்கம்மா" என்று அவர் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

திருவனந்தபுரத்தில் இறங்குவதற்காக விமானம் கரையோரமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. தென்னைகளுக்கு நடுவே சர்ச் கோபுரம் தெரியுமா என்று ஷைஜா எட்டிப் பார்த்தாள். கோபுரம் தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது.

"சார், வலது பக்கம்! கறுப்பா என்னமோ!"

"பருந்தா?"

"பருந்து வட்டம் போடும் சார். இது நிக்குது."

நாலு கையை விரித்துக்கொண்டு நடு ஆகாயத்தில் அது அசையாமல் நின்றது. கண் இமைப்பதற்குள் பெரிதாகி, வலது இறக்கைக்கு அடியில் போய் மறைந்தது. அது இன்ஜினுக்குள் போயிருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் நூற்றெண்பது பேர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு எப்போது போய்ச் சேருவோம் என்ற ஒரே கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ட்ரோன் போல ஒன்றைப் பார்த்ததாக டவருக்குச் சொன்னாள். அன்று அவள் பேச்சில் ராகமே இல்லை. கேப்டனும் கிண்டல் செய்யவில்லை.

இறங்கி, கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்குமேல் போனைத் திறந்தால் பெனிஷ் கூப்பிட்டான். குரலில் கல்யாணக் களை சொட்டியது.

"ஏட்டி ஷைஜா! நீ இல்லாத கல்யாண வீடியோ எனக்கு எதுக்குன்னு நினைச்சேன். உன்னையும் எடுத்தாச்சு, கேட்டியா!"

"என்னைய எப்படி எடுத்த?"

"நம்ம வீடியோக்காரன் பிரைட்டன் ஹெலிகேம மேல விட்டான். உன் பிளைட்டு வீடியோவுல நல்லா விழுந்திருக்காம். எப்படி, கொள்ளாமா?"

இறக்கைக்கு அடியில் போன அந்த நாலு கை ஷைஜாவுக்கு நினைவு வந்தது.

"அண்ணா, அது ட்ரோன்."

"ட்ரோனா? ட்ரோன் பட்டாளத்துக்காரன் விடுறது. இது கல்யாணத்துக்கு விடுற ஹெலிகேம். இப்பம் போலீசும் அதத்தான் கேட்டுட்டுப் போவுது. எவனோ ஆகாசத்துல ட்ரோன் விட்டானாம்!"

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை இருப்பாரோ இல்லையோ, ஹெலிகேம் இருக்கும். அதை ட்ரோன் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே எஸ்.ஐ. மண்டபத்துக்கு வந்து, "இந்தப் பக்கம் யாராவது ட்ரோன் விட்டியளா?" என்று கேட்டபோது மொத்தச் சபையும் ஒரே குரலில் இல்லை என்றது. "அப்படிப்பட்ட ஆளுவ இஞ்ச கிடையாது சார்" என்று போதகரே சாட்சி சொன்னார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. எஸ்.ஐ. போளியும் பால்பாயசமும் சாப்பிட்டு, வாசலில் ஹெலிகேமைப் பார்த்துச் சிரித்து ஒரு போஸும் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஷைஜா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. வழியில் பூக்கடையில் வாங்கிய ஒரு மாலையும், கோபம் குறையாத முகமுமாக வெயில் தாழும் நேரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

முற்றத்துப் பந்தலில் பிரைட்டன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். சுற்றிலும் சொந்தக்காரர்கள். நடுவில் கோட்டுப் போட்ட பெனிஷும் பட்டுச்சேலையில் புதுப்பெண் ஜாஸ்பினும். "ஷைஜா வந்தாச்சு! முதல்ல இருந்து போடுலே" என்று பெனிஷ் கத்தினான்.

சர்ச் வாசலில் எல்லாரும் அண்ணாந்து கையை ஆட்டினார்கள். அம்மா இரண்டு கையையும் ஆட்டினாள், முந்தானை சரிவதுகூடத் தெரியாமல். அதைப் பார்த்ததும் ஷைஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு கேமரா மேலே மேலே ஏறியது. கூரைகள் சின்னதாகி, தென்னை சின்னதாகி, கடல் வந்தது. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி கொக்கு அளவானது. அடுத்த நொடி திரை முழுக்க விமானத்தின் வயிறும் ஒரு இன்ஜினின் வாயும் தெரிந்தன. படம் தலைகீழாகச் சுழன்றது.

பந்தலில் சிரிப்புச் சத்தம் பட்டென்று நின்றது.

"இவ்வளவு பக்கத்துலயா போச்சு?" என்றான் பெனிஷ், மெல்ல.

"விடும்போ கையில உள்ள ஸ்கிரீன்ல பாக்கும்போ தூரமாட்டுதான் இருந்து அண்ணா" என்றான் பிரைட்டன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ரொம்ப உயரம் போகாதபடி ஹெலிகேமில் அதைச் செய்தவர்கள் வைத்திருந்த பூட்டை எடுத்ததும் அவன்தான்.

"எனக்குப் பொறத்தால நூத்தி எண்பது பேரு இருந்தாவ" என்றாள் ஷைஜா. "நான் கண்டத எழுதிக் குடுத்திருக்கேன். யாரு விட்டான்னு எழுதல, அப்பம் எனக்குத் தெரியாது. இப்பம் தெரியும். ஸ்டேஷன்ல நீ சொல்லுதியா அண்ணா, நான் சொல்லட்டா?"

அம்மா பாய்ந்து வந்தாள். "தாலி கெட்ட வரல. வந்ததும் மாப்பிள்ளைய ஸ்டேஷனுக்கு விடுதியே. நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

அது நெஞ்சில் நேராகப் போய்க் குத்தியது. ஷைஜா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் லேப்டாப்பை மூடினான்.

"பிரைட்டா, அந்த ஹெலிகேம எடுத்துட்டு வாலே. வண்டிய எடுப்போம்."

"நானும் வாறேன்" என்றாள் ஜாஸ்பின். புதுப்பெண் பேசிய முதல் பேச்சு அது என்பதால் யாராலும் மறுக்க முடியவில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. வெளியே போயிருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் ஷைஜா ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். இந்தக் குடும்பத்தில் இனி யார் தன்னிடம் பேசுவார்கள் என்று நினைக்க அழுகை முட்டியது. அப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஜாஸ்பின் திரும்பி முதுகைக் காட்டி, பூவை விலக்கினாள்.

"ரெண்டு முடிச்சுதான் போட்டிருக்கு. மூணாவது முடிச்ச உங்க பெரியம்மா மக கெட்ட வந்தா, நான் விடல. இது உனக்குள்ளது."

விமானத்தில் அத்தனை சுவிட்சுகளைத் தடுமாறாமல் தட்டுகிற ஷைஜாவின் விரல்கள் அந்தச் சின்ன மஞ்சள் கயிற்றோடு மல்லுக்கட்டின. மூன்றாம் முடிச்சு விழுந்தது. பாரா காவலுக்கு நின்ற பெண் போலீஸ் எதையும் பார்க்காததுபோல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்.ஐ. வந்தார். கோட்டையும் பட்டுச்சேலையையும் கண்டதும் வாயெல்லாம் பல்.

"என்ன மாப்பிள்ளே, போளி மிச்சம் கொண்டு வந்தியளா?"

"இல்ல சார். நீங்க மத்தியானம் ட்ரோன் விட்டது யாருன்னு கேட்டியளே…"

"அதான் ஒருத்தரும் விடலன்னு எல்லாரும் சொன்னியளே."

"அது வந்து சார், ஹெலி…" என்று ஆரம்பித்தவன் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு நேராக நின்றான்.

"ட்ரோன்தான் சார். நான்தான் விடச் சொன்னேன்."