கேட்காமல் சொன்ன முடிவு

“ஒரு லைட்டு வாங்கிப் போடக்கூடவா இவனுங்களுக்கு வக்கில்ல?” என்று துப்பு அண்ணன் கேட்டபோது, நர்ஸ் அவருடைய இடது கையில் இரண்டாவது ஊசியை இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த டயாலிசிஸ் கூடத்தில் ஊசியைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் உண்டு. இவர் மட்டும் புதிதாக வந்த ஏதாவது ஒரு சீரிஸைத் திட்டிக்கொண்டே இரண்டு குத்தையும் வாங்கிக்கொள்வார். “போலீஸ் ஸ்டேஷன் இருட்டு, ஆஸ்பத்திரி இருட்டு, குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாடறாங்க, அங்கயும் இருட்டு. பிணத்தைத் தேடறாங்களா, சுவிட்சைத் தேடறாங்களான்னே புரியல சிஸ்டர்.” நர்ஸ் சிரித்தபடி பிளாஸ்டரை ஒட்டிவிட்டு இயந்திரத்தைத் தட்டிவிட்டாள். குழாயில் சிவப்பு ஏறியது.

உடம்பு நன்றாக இருந்த நாளில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்சை விடக் கற்றுக்கொடுத்தவர் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். அது அவ்வளவாகப் பொய்யும் இல்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகத் தெம்பில்லை. பள்ளியின் முன்னறையில் தொலைபேசி எடுத்துப் பேசும் வேலையாக அது சுருங்கியது. மிச்சப் பொழுதையெல்லாம் மர்ம சீரிஸ்கள் விழுங்கின. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவனுக்கு, யாரோ எங்கேயோ எதையோ தேடி ஓடுவதைப் பார்ப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. பார்த்ததோடு விடமாட்டார். நோயாளிகள் தங்களுக்குள் வைத்திருந்த குழுவில், ஒவ்வொரு புது சீரிஸுக்கும் குரல் பதிவாகத் தன் தீர்ப்பை அனுப்புவார். ஏரிக்கரையில் பெண்ணின் பிணம் கிடைத்து ஆரம்பிக்கும் எதையும் இனி பார்ப்பதில்லை என்று சபதம் போட்டார், அடுத்த வாரமே அதை மீறினார். துப்பறிகிறவனுக்கு எப்போதும் மனைவி ஓடிப்போயிருக்க வேண்டுமா, வீட்டில் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து ஒருவன் கொலைகாரனைப் பிடிக்கக்கூடாதா என்று கேட்டார். ஆறு எபிசோடில் சொல்ல வேண்டியதைப் பத்தாக இழுப்பவனை வண்டியைப் பாதி வழியில் நிறுத்தி டீ குடிக்கப் போகும் டிரைவரோடு ஒப்பிட்டார். இரண்டாம் எபிசோட் முடிவதற்குள் குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துவிடுவார். ஆனால் யாரிடமும் சொல்லமாட்டார். இந்தத் துப்பறியும் ஆசையால்தான் அந்தக் கூடத்தில் அவருக்குத் துப்பு அண்ணன் என்று பெயர். இதைக் கேள்விப்பட்ட அவர் மனைவி, “எனக்கு முதல்லயே தெரியும், அதுகூட ‘கெட்ட’ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா பொருத்தமா இருக்கும்” என்றாள்.

அடுத்த நாற்காலி டீச்சருடையது. பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், துப்பு அண்ணனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருவருக்கும் நடுவில் டேப்லெட்டை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, ஒரே இயர்போன் ஒயரின் இரண்டு முனைகளை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொள்வார்கள். சண்டை எப்போதும் ஒன்றுதான்.

“யாரு பண்ணதுன்னு சொல்லிடு தம்பி. அப்புறம் நிம்மதியா பாக்கறேன்.”

“அது பாவம் டீச்சர். சீரிஸைக் கொன்ன பாவம் என்னைச் சேரும்.”

“எனக்கு முடிவு தெரியணும். வரைபடத்தைப் பாக்காம நான் எந்த ஊருக்கும் போனதில்ல.”

அவர் வாய் திறக்கமாட்டார். டீச்சரும் பக்கத்தில் வரும் நர்ஸிடமோ, எதிர் நாற்காலிக்காரரிடமோ கேட்டு எப்படியாவது தெரிந்துகொள்வார். தெரிந்தபின் கைகளைத் தளர்த்திப் போட்டுக்கொண்டு, யாரோ தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவதுபோல அமைதியாகப் பார்ப்பார். இடையிடையே மகனைப் பற்றிப் பேச்சு வரும். வேறு ஊரில் இன்ஜினியராக இருக்கும் மகன். புதிதாக யார் அந்தக் கூடத்துக்கு வந்தாலும் டீச்சர் அவர்களிடம் அதைச் சொல்லியாக வேண்டும்: “என் பையன் கிட்னி ஒண்ணு குடுக்கறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். உடம்புதான் விடல. அழுதுட்டான் பாவம்.” துப்பு அண்ணன் அதைக் கேட்டுக் கேட்டு, ஃபேன் சத்தம்போல அது அவர் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

அவருக்கு ஒரே தங்கை. சிறுநீரகம் போன விஷயம் தெரிந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னிலும், “என்னோடத எடுத்துக்குங்க, எங்க அண்ணனுக்கு இல்லாத கிட்னி எனக்கு எதுக்கு?” என்று கதறியவள். அவர் மனைவியின் ரத்தம் சேரவில்லை, தங்கையுடையது சேர்ந்தது. அதற்கடுத்த பரிசோதனையும் சேர்ந்தது. மூன்றாவதும் நல்லபடியாக வந்தபோது அவர் மனைவி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி மரத்துப்போனவள், நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு முன் அந்த இருவரும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. துப்பு அண்ணனுக்கும் ஆசை துளிர்விட்டது. பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து, யாரும் அளவு பார்க்காமல், கழுத்தில் வழிய வழியக் குடிக்க வேண்டும்.

உறுப்பு மாற்றும் பிரிவில் ஒரு பெண் அலுவலர் முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். கொடுப்பவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவோம். அவர் எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் காரணத்தை யாருக்கும் வெளியிடமாட்டோம். மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் வாங்கினார். போகிறபோக்கில் சொல்லும் வார்த்தையில்தான் விஷயம் இருக்கும் என்பது அவருக்குப் பழக்கமாகிவிட்ட பாடம்.

அந்தத் தனிச் சந்திப்புக்கு முந்தின வாரம் தங்கை புருஷனோடு வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான். அன்றைக்கு மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். “ஒத்தக் கிட்னியோட கனம் தூக்கக்கூடாதுங்கறாங்களே மச்சான், இவ ஒரு ஆளுதானே வீட்டுல எல்லாம்” என்று ஆரம்பித்தான். “அதெல்லாம் டாக்டர் பாத்துப்பார்” என்று தங்கை அவசரமாக வெட்டினாள். துப்பு அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் பயந்து பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால் கால் அசையாது. தோள்தான் காது வரைக்கும் ஏறும். எத்தனை பேரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்! தங்கையின் தோள் ஏறியிருந்தது. அவர்கள் போனபின் மனைவி, “தங்கமான பொண்ணுங்க, நான்தான் இத்தனை நாளா புரிஞ்சுக்காம இருந்துட்டேன்” என்றாள். “ம்” என்றார்.

அந்தச் சந்திப்பு முடிந்த பிறகு தங்கை தானாகப் பேசுவது நின்றது. இவர் கூப்பிட்டால் மாப்பிள்ளை எடுத்தான், குளிக்கிறாள் என்றான், தூங்குகிறாள் என்றான். ஒருநாள் டாக்டர் துப்பு அண்ணனையும் மனைவியையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“உங்க தங்கச்சி உடம்பு ஒத்து வரலங்க.”

“எல்லாம் சேந்துடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர்?” மனைவியின் குரல் உடைந்தது.

“கடைசி டெஸ்ட்ல ஒரு சிக்கல். என்னன்னு நான் சொல்லக்கூடாதும்மா, அது அவங்க சொந்த விஷயம். மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல. உங்க பேர் காத்திருக்கறவங்க பட்டியல்ல இருக்கு.”

டாக்டர் பேசும்போது பேனா மூடியை மூடிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே மூடியிருந்த மூடியை. மோசமான நடிகர், என்று துப்பு அண்ணன் நினைத்தார். ஆனால் நல்ல மனுஷன். மனைவி வெளியில் வந்து சுவரோரமாக நின்று அழுதாள். “அந்தப் பொண்ணுக்கு ஏதாவது பெரிய வியாதியா இருக்குமோ? சொந்த விஷயங்கறாரே. ஐயோ, நமக்காகப் போய் அவ வேற மாட்டிக்கிட்டாளா?” என்றாள். நாத்தனாருக்காக அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார். உண்மையைச் சொன்னால் இந்த அழுகை நின்றுவிடும். அதற்குப் பதிலாக வேறொன்று வரும். அது ஆயுசுக்கும் போகாது. “வா, பஸ் வந்துடும்” என்றார்.

மனதில் தூக்கி வைத்ததை எங்காவது இறக்கியாக வேண்டுமே. அடுத்த முறை ஊசி ஏறி, டேப்லெட்டில் புது சீரிஸ் ஒன்றின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் ஒயரைக் காதிலிருந்து எடுத்தார்.

“இன்னிக்கு வேற கதை சொல்லவா டீச்சர்?”

“முடிவைச் சொல்லுவியா?”

“முடிவோடதான் சொல்லப் போறேன்.”

சொன்னார். தன் கண்டுபிடிப்பை முதன்முதலாக இன்னொருவருக்கு விளக்குகிற சூட்டில், துக்கம்கூடக் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. அலுவலர் சொன்னது, தோள் ஏறியது, பேனா மூடி, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். “தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க டீச்சர். மனசில்லன்னு அழுதிருப்பா. அதை அப்படியே நம்மகிட்ட சொல்லுவாங்களா? குடும்பமே வெட்டிக்கிட்டுச் சாகுமே. அதனால டாக்டர் பழியைத் தூக்கி உடம்பு மேல போட்டுடறார். ‘ஒத்து வரல, என்னன்னு சொல்லக்கூடாது, அவங்க சொந்த விஷயம்’. இவ்வளவுதான் வசனம். எல்லாருக்கும் இதே வசனமாத்தான் இருக்கும்.”

“யாரு மேல தப்புங்கற?” டீச்சரின் குரல் மெதுவாக வந்தது.

“யாரு மேலயும் இல்ல. அதான் கொடுமை. பயந்தவ மேல என்ன தப்பு? பிடிச்சுக் குடுக்கறதுக்கு ஆளே இல்லாத கதை டீச்சர் இது.”

டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரோ ஒரு பெண் டார்ச் விளக்கோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவள் கடைசிப் படியை எட்டியதும் டீச்சர், “அதே வார்த்தைதான்” என்றார்.

“என்னது?”

“அவங்க சொந்த விஷயம், சொல்லக்கூடாதுன்னு. என் பையன் விஷயத்துலயும் அதே வார்த்தைதான் சொன்னாங்க. அப்புறம் அவன் வந்து என் மடியில படுத்து அழுதான். உடம்பு விடலையேன்னு அழறான்னு நெனச்சேன்.”

துப்பு அண்ணனுக்கு உடம்பில் ஓடிக்கொண்டிருந்த ரத்தம் இயந்திரத்திலேயே நின்றுவிட்டதுபோல இருந்தது. “இல்ல டீச்சர், உங்க பையன் விஷயம் வேற, நிஜமாவே ஒத்து வராமலும் போகும், எத்தனை பேருக்கு...” என்று என்னென்னவோ சொன்னார். எத்தனையோ நடிகர்களின் பொய்யைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு பொய்யை நம்பும்படி சொல்லத் தெரியவில்லை.

டீச்சர் ஒயரின் மற்ற முனையையும் தன் காதிலிருந்து எடுத்து, சுருட்டி, அவர் பக்கமாக வைத்தார். கோபமாக வைக்கவில்லை. “எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஒரு முடிவு சொன்னதில்ல நீ” என்றார். “இதை நான் கேக்கவே இல்லையே தம்பி.”

இயந்திரங்கள் தங்கள் பாட்டுக்கு ஓடின. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் தூங்கவில்லை. மூடிய இமைக்குள் கண்மணி அசைவது இவருக்குத் தெரிந்தது. மகனின் வழக்கமான அழைப்பு வந்தது. போர்வைமேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து மெல்ல நகர்ந்தது. டீச்சர் எடுக்கவில்லை. மறுபடி வந்தது. அப்போது எடுத்து, “சாப்டேன்ப்பா. நல்லா இருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு” என்று எப்போதும்போலச் சொல்லி வைத்தார். அந்த ‘எப்போதும்போல’ எவ்வளவு கனம் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டும் தெரியும்.

அடுத்த முறை அந்த நாற்காலியில் ஒரு மளிகைக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். “டீச்சர் காலை ஷிஃப்டுக்கு மாத்திக்கிட்டாங்க துப்பு அண்ணா, வெயில் ஒத்துக்கலையாம்” என்றாள் நர்ஸ். கூடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. துப்பு அண்ணன் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக் குரல் பதிவு ஒன்று பேசினார், அழித்தார், மறுபடி பேசினார், அழித்தார். குழுவில் அவருடைய தீர்ப்புகள் வருவது நின்றது. என்ன ஆச்சு, புதுசா ஒண்ணு வந்திருக்கே, பாக்கலாமா வேணாமா என்று ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். டீச்சரும் அந்தக் குழுவில்தான் இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் தங்கை வந்தாள், தனியாக. வாசலில் செருப்பை விடுவதற்கே அத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள். மனைவி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, “உடம்புக்கு என்னம்மா? மறைக்காம சொல்லு, நாங்க இருக்கோம்ல?” என்றாள். “ஒண்ணுமில்ல அண்ணி” என்று தங்கை தரையைப் பார்த்துச் சொன்னாள். டீ போட்டுத் தருகிறேன் என்று மனைவி உள்ளே போனாள். துப்பு அண்ணன் சோபாவில் இருந்தார். டிவியில் ஒரு புது சீரிஸ். படம் கன்னங்கரேலென்று இருந்ததால் பட்டப்பகலில் ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தார். தங்கை அவருக்கு இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் அவளும் பார்த்தாள். அடுப்பில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

“அண்ணா, உங்கிட்ட ஒண்ணு...”

“பேசாம பாரு. இது முக்கியமான இடம்.”

முக்கியமான இடம் ஒன்றுமில்லை. யாரோ காரை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. சின்ன வயதில் பயந்தால் செய்வதுபோல, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி அவருடைய இடது கையைப் பிடித்தாள். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்துப் புடைக்க வைத்திருந்த இடத்தில் அவள் உள்ளங்கை பட்டது. தோலுக்கு அடியில் ரத்தம் விடாமல் உறுமிக்கொண்டு ஓடியது, நியூட்ரலில் நிற்கும் வண்டியின் போனட்டில் கை வைத்ததுபோல. அவள் திடுக்கிட்டாள். அதுவரை அவளுக்கு அது தெரியாது. எடுத்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் எடுக்கவில்லை. மனைவி இரண்டு டம்ளர் டீயோடு வந்து, இருட்டில் அவர்கள் முகம் தெரியாமல், “இது என்ன கதைங்க?” என்று கேட்டபடி நின்றாள். அந்த உறுமல் தங்கையின் விரல்களுக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தது.