மாணவி ஒன்று

எங்கள் பள்ளிக்கு இரண்டு வாசல்கள். சிரித்தால் திறப்பது ஒன்று, மணியடித்தால் திறப்பது இன்னொன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நான் மணியடித்தே உள்ளே போனேன்.

முன்வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் கேமரா. எதிரே நின்று சிரிக்க வேண்டும். உதட்டின் இரண்டு ஓரமும் சமமாக ஏறினால் "நல்வரவு" என்று குரல் கேட்கும், கதவு திறக்கும், அன்றைய வருகையும் பதிவாகிவிடும். பேருந்து, மருந்துக்கடை, நூலகம் எல்லாம் இப்போது இப்படித்தான். கடுகடுத்த முகமும் கோணல் முகமும் கண்ணில் படாமல் இருந்தால் எல்லோரும் இன்பமாக இருக்கலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார். அதைச் சட்டமாகவும் போட்டுவிட்டார்கள்.

பிறந்தபோதே என் முகத்தின் வலது பாதிக்குப் போகும் நரம்பு செத்துப்போனது. சிரித்தால் இடது பக்கம் காதுவரை போகும். வலது பக்கம் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் கிடக்கும். வலது கண்ணும் முழுதாக மூடாது, நாளைக்கு நான்கு முறை சொட்டு மருந்து விட வேண்டும். முன்வாசலில் நான் எத்தனை முறை சிரித்தாலும் ஒரே பதில்தான் வரும்: "மன்னிக்கவும். மகிழ்ச்சியாக மீண்டும் முயற்சிக்கவும்."

அதனால் எனக்கு மூட்டை வாசல். பள்ளி உணவுக்கூடத்துக்குக் காய்கறி வரும் வழி அது. அங்கே காவலுக்கு இருக்கும் அண்ணன் நேர்மையானவர், எழுதாமல் எதையும் உள்ளே விட மாட்டார். அவருடைய நோட்டில் என் பள்ளி வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. 'உருளைக்கிழங்கு மூன்று மூட்டை, வெங்காயம் இரண்டு மூட்டை, மாணவி ஒன்று.' மாலையில், 'காலிச் சாக்கு ஐந்து, மாணவி ஒன்று.' என் வகுப்பில் எனக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்ததற்கு இதுதான் காரணம். என் உடம்பைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பில்தான் இது வினையாக வந்து முடிந்தது. பாதி நாளாவது வருகை இருந்தால்தான் பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட். தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பதிவுல உனக்குப் பதினோரு நாள்தான் இருக்கு" என்றார். மின்சாரம் போய், ஆசிரியர்கள் கையால் வருகை எடுத்த நாட்கள் அவை.

"நான் தினமும் வர்றேன் மேடம்."

"நீ வர்றது எனக்குத் தெரியும்மா. ஆனா நீ வரல."

"போன வாரம் பேசிட்டிருந்தேன்னு நீங்கதானே என்னை வகுப்புக்கு வெளிய நிக்க வச்சீங்க?"

"வராதவளை எப்படி வெளிய நிக்க வைக்க முடியும்? யோசிச்சுப் பேசு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஊசி போட்டுச் சீர்செய்த சிரிப்பு. அவரே நினைத்தாலும் இறங்காது, கோணாது. மூட்டை வாசல் நோட்டை வருகையாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி நான் எழுதிய மூன்று மனுக்களும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தேர்வை எழுதாவிட்டால் அடுத்த வருடமும் இதே வெங்காயத்தோடு இதே வகுப்புக்கு வர வேண்டும், அப்போதும் வராதவளாகவே இருக்க வேண்டும்.

என் தோழிக்குப் பெயர் ஓட்டைவாய். எந்த மனிதரைக் கண்டாலும் நின்று பேசாமல் நகர மாட்டாள். ஒருநாள் முன்வாசல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, இதுக்கு எது சரியான சிரிப்புன்னு யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்லம்மா. தினம் வர்ற முகத்தைப் பாத்து அதுவா கத்துக்குது. நிறைய பேரு எப்படியோ, அதுதான் அதுக்குச் சரி. ஒரு நூல் அங்க இங்க மாறினா கண்டுக்காது. மறுநாள் அதுவும் மாறிக்கும்."

ஓட்டைவாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "தினமும் ஒரு நூல் கோணுவோம்டி! எல்லாரும்!"

"எல்லாருமா? யாருடி செய்வா?"

"அதை என்கிட்ட விடு" என்றாள். பிறகு, "பெரிய ரகசியம், யார்கிட்டயும் சொல்லாதே" என்று பள்ளிக்கூடம் முழுவதிடமும் தனித்தனியாகச் சொன்னாள். மூன்று நாளில் நானூறு பேருக்கும் அந்த ரகசியம் தெரிந்துவிட்டது. எனக்காக அத்தனை பேரும் உருகிவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். பாதிப் பேர் வாசல் கெட்டுப்போனால் விடுமுறை கிடைக்கும் என்று சேர்ந்தார்கள்.

வகுப்புத் தலைவன் மட்டும் முரண்டு பிடித்தான். சமமான முகத்துக்காகப் பரிசு வாங்கியவன், பட்டப்பெயர் ஸ்கேல்.

"தொத்திக்கிச்சுன்னா? அப்புறம் நேராகலைன்னா எங்கப்பா என்னைத் தொலைச்சிடுவாரு."

"பத்து வருஷமா உன் பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கேன். தொத்திச்சா?"

அவன் வலது கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மதிய இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பயிற்சி நடந்தது. குரு நான். வலது கன்னத்துக்குள் அழிரப்பரை அடக்கிக்கொண்டு இடது பக்கம் மட்டும் சிரிக்கச் சொன்னேன். ஒருவனுக்கு மூக்கு கோணியது, ஒருத்திக்குக் காது ஆடியது, இரண்டு பேர் ரப்பரை விழுங்கினார்கள். அதுவரை என்னிடம் பேசும்போது என் நெற்றியையோ தோளையோ பார்த்துப் பேசிய கூட்டம் அது. இப்போது வரிசையில் நின்று என் வாயை உற்றுப் பார்த்தது. "இன்னொரு தடவை சிரி, எனக்குச் சரியா தெரியல" என்று ஒருத்தி என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றாள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகை மட்டும் எனக்கு இரண்டு பக்கமும் சமமாக வரும், ஆனால் அதற்கு எந்த வாசலும் திறப்பதில்லை.

ஆறாவது வாரம் புதன்கிழமை. ஓட்டைவாய் என்னை முன்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு முன் நின்று, எனக்குத் தெரிந்த ஒரே சிரிப்பைச் சிரித்தேன். "நல்வரவு" என்றது. கதவு திறந்தது. உள்ளே போய்விட்டுத் திரும்பவும் வெளியே வந்து இன்னொரு முறை உள்ளே போனேன்.

மீதியிருக்கும் நாட்கள் போதுமா என்று அன்று மாலைதான் ஸ்கேல் கணக்குப் போட்டான். போதாது. வாசலையே ஏமாற்றத் தெரிந்த நானூறு பேரில் ஒருவருக்கும் அதை முதலிலேயே கூட்டிக் கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அதே வாரத்தில்தான் தலைமையாசிரியைக்கு வாசல் மூடிக்கொண்டது. மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பார்த்து எப்படியோ வாயைக் கோணக் கற்றுக்கொண்டார்கள். ஊசி போட்ட முகம் கோணுமா? கண்ணாடிக்கு முன் இரண்டு பக்கமும் சமமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். மன்னித்துக்கொள்ளச் சொல்லியது வாசல். மெக்கானிக்கை வரவழைத்துக் கத்தினார்.

"நானூத்திப் பன்னெண்டு பேருக்குத் திறக்குது மேடம். ஒருத்தருக்குத்தான் திறக்கல. அப்போ குறை வாசல்லயா இருக்கும்?" என்றார் அவர். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று என் அம்மாவுக்கும் வாசல் செய்த கம்பெனி இதைத்தான் சொன்னதாம்.

மறுநாள் மூட்டை வாசலில் 'முட்டைக்கோஸ் நான்கு மூட்டை, தலைமையாசிரியை ஒன்று' என்று எழுதினார் அண்ணன்.

"ஒருவர்னு எழுதுய்யா!"

"அந்தக் கட்டம் நோட்டுல இல்லீங்க மேடம்."

தொடர்ந்து பதினைந்து நாள் வருகை பதிவாகாவிட்டால் தலைமையாசிரியை பதவி போய்விடும். "என் நாற்காலியிலதானே உக்காந்திருக்கேன், எல்லாரும் பாக்கத்தானே செய்றீங்க!" என்று அவர் தொலைபேசியில் யாரிடமோ கெஞ்சியதை நானே கேட்டேன். பாவமாகவும் இருந்தது, பரம திருப்தியாகவும் இருந்தது. ஒன்பதாவது நாள் சுற்றறிக்கை வந்தது: மூட்டை வாசல் நோட்டில் உள்ளதும் வருகையே, இந்தக் கல்வியாண்டின் முதல் நாளிலிருந்தே. என் மூன்று மனுக்களால் ஆகாதது அவருடைய ஒன்பது நாளில் ஆனது. எனக்கு ஹால் டிக்கெட் வந்தது.

எங்கள் வாசல் கற்றதை மற்ற வாசல்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டது. வாசல்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை. பேருந்தில், கடையில், எங்கு பார்த்தாலும் பாதிச் சிரிப்பு. என் அம்மா முகச்சீர் மருத்துவமனையில் வரவேற்பாளர். அங்கே இடதுபக்கச் சிரிப்புக்கு இரண்டு மாதத்துக்கு முன்பதிவு முடிந்துவிட்டது. இத்தனை வருடம் என்னை வேலை இடத்துப் பக்கமே வரவிடாத அம்மா, என் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"என் பொண்ணு டாக்டர். பொறந்ததுலேர்ந்தே இவளுக்கு இந்தச் சிரிப்புதான்" என்றாள். அவள் குரலில் அப்படியொரு பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

டாக்டர் என் தாடையை நிமிர்த்திப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. ஆனா கண்ணு கொஞ்சம் தொங்குது பாருங்க. இப்ப ஓடுற சிரிப்புல கண்ணு தொங்கக் கூடாது. சரி பண்ணிடலாம்."

"ரெண்டே ஊசிதான்டா கண்ணு" என்றாள் அம்மா. ஹால் டிக்கெட் வந்த மகிழ்ச்சியில் இருந்ததால் டாக்டர் கையைக் கடிக்காமல் எழுந்து வந்தேன்.

தலைமையாசிரியையும் அங்கேதான் ஊசியை மாற்றிப் போட்டுக்கொண்டார். முன்வாசல் அவருக்குத் திறந்த அன்று மாலையே அடுத்த சுற்றறிக்கை: மூட்டை வாசல் இனி மூட்டைகளுக்கு மட்டும். அறிவிப்புப் பலகையில் அதைப் படித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத்தான் முன்வாசல் திறக்கிறதே.

பொதுத்தேர்வின் முதல் நாள் பத்து மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஒன்பதரைக்கு முன்வாசலில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் கண்ணாடியை விட்டு நகராமல் நின்றாள். ஆறாம் வகுப்பாம், வேறு ஊரிலிருந்து மாறி அந்த வாரம்தான் சேர்ந்தவளாம். அவளுடைய வகுப்பாசிரியை தினமும் வந்து தன்னோடு அழைத்துப் போவாராம், இன்று தேர்வு மேற்பார்வை வேலையாம். அவளுக்கு முகத்தில் இரண்டு பக்கமுமே அசையவில்லை. விரலால் இடது உதட்டோரத்தைத் தூக்கிப் பிடித்தாள். கையை எடுத்துவிட்டு மகிழ்ச்சியாக முயற்சிக்கச் சொன்னது வாசல்.

"கொஞ்சம் நகர்றியாம்மா? எங்களுக்குப் பப்ளிக் எக்ஸாம், நேரமாச்சு" என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை.

அவள் சட்டென்று ஒதுங்கினாள், ஒதுங்கிப் பழகியவள் ஒதுங்குவதைப் போல. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கண்ணை விரித்தாள்.

"இது நீங்க கண்டுபிடிச்ச சிரிப்புன்னு சொன்னாங்கக்கா. எனக்கும் சொல்லிக்குடுங்களேன்."

இத்தனை பாடுபட்டு நான் செய்தது, இந்தப் பெண் தாண்ட முடியாத ஒரு வாசல். வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணாடிக்கு முன் போய் நின்றேன். பழக்கத்தில் இடது பக்கம் தானாகக் கிளம்பியது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"மன்னிக்கவும். மகிழ்ச்சியாக மீண்டும் முயற்சிக்கவும்."

"என்னடி ஆச்சு? சிரிச்சுத் தொலையேன், மணி ஒம்பதே முக்கால்!" என்றாள் ஓட்டைவாய்.

"என்கூடக் கூட்டிட்டுப் போனா இவ வராதவதான். இவளுக்கே திறக்கட்டும். அப்புறம் நான் போறேன்."

"பைத்தியமா உனக்கு? இந்த ஹால் டிக்கெட்டுக்கு எத்தனை நாள் நாயா அலைஞ்சோம்!"

"அலைஞ்சோம். அப்புறம் அந்தச் சுற்றறிக்கையைப் படிச்சிட்டுச் சும்மா இருந்தோம்."

அவள் என்னை முறைத்தாள். அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஸ்கேல் வரிசையிலிருந்து விலகவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை. கையில் ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே முதல் மணி அடித்தது. கதவுக்கு அந்தப்புறம் தலைமையாசிரியை பாதிச் சிரிப்போடு ஓடிவருவது தெரிந்தது.

வரிசை பொங்கியது. திமிர் பிடித்தவள் என்றார்கள், சுயநலக்காரி என்றார்கள், தானும் எழுதமாட்டாள் எங்களையும் எழுதவிட மாட்டாள் என்றார்கள். பின்னாலிருந்து யாரோ பையால் என் முதுகில் இடித்தார்கள். அத்தனை பேர் அத்தனை திட்டுத் திட்டினார்கள், ஒருவர்கூட என் முகத்தைச் சொல்லித் திட்டவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு நின்றேன்.